ஸ்டெல்லா அக்கா எழுதிக் கொடுத்த சடுகுடுச் சொற்கள்

விளையாட்டுச் சொல்லகராதியின் கடைசி மெய்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கடலாடியில் என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சிமடத்திலிருந்து போன் வந்தது. பேசியவள் சகாயம், அங்குள்ள பெண்கள் சடுகுடு அணியின் தலைவி.

"அண்ணே, ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க. ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே..."

மூளையில் ரத்தக்கசிவு. நாற்பத்தாறு வயது. அவர் கடைசிவரை சண்டை போட்டுக் கேட்ட சொல் என் முன்னால் இருந்த மெய்ப்பில் இல்லை. நீக்கியது நான்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் இறால் கம்பெனியில் தரம் பிரிப்பார். சாயங்காலம் சடுகுடு ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதுவார். நன்றாக ஆடியவர், முழங்கால் போனபின் சிலேட்டைக் கையில் எடுத்தவர். மூன்று வருடங்களுக்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்த போட்டி ஒன்றுக்கு, டிப்ளமோ படித்த திமிரோடு, நானே செய்த மின்னணுப் புள்ளிப் பலகையைக் கொண்டுபோய் வைத்தேன். உப்புக் காற்றில் இரண்டாவது ஆட்டத்திலேயே அணைந்துவிட்டது.

"ஒங்க பெட்டிக்கு மூச்சுப் பத்தல தம்பி. தள்ளி உக்காருங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அன்று தொடங்கிய கூட்டு. சண்டையில்லாமல் பேசிக்கொண்ட நாள் குறைவு.

பிறகு அந்த அகராதி வேலை எனக்கு வந்தது. சொற்களைத் தொகுக்கும் மென்பொருளும் பக்க வடிவமைப்பும் என் பொறுப்பு. அக்காவிடம் சடுகுடுச் சொற்களைக் கேட்டேன். இறால் பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். 'பாட்டு' என்றால் எதிரணிக்குள் ஏறிப் போகிறவர் மூச்சு விடாமல் சொல்வது. 'பாட்டு அறுந்தது' என்றால் மூச்சு விட்டுவிட்டார் என்று பொருள். நான்கு பேர் கைகோத்து ஆளைச் சுற்றி அடைத்தால் 'வளைச்சாச்சு'. இப்படி நாற்பத்தொரு சீட்டுகள். அதில் ஒன்று 'ஈரம்'.

"ஈரத்துக்கும் ஆட்டத்துக்கும் என்னக்கா சம்பந்தம்? எந்த அகராதியிலயும் இப்படி ஒரு அர்த்தம் இல்ல" என்றேன்.

"அகராதி எழுதுனவுக இங்கன வந்து ஆடுனாகளா? நாளைக்குக் கடற்கரைக்கு வாங்க."

போனேன். இங்கே ஆட்டமிழந்தவர்கள் அலை தொடும் மணலில், விழுந்த வரிசைப்படி உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவர் விழுந்தால் வரிசையின் முதல் ஆள் எழுந்து உள்ளே வருவார். அந்த இடத்தின் பெயர்தான் ஈரம். அன்று ஒரு பெண் தன் முறை வருமுன்பே ஈரத்திலிருந்து நழுவி உள்ளே வந்துவிட்டு, தான் ஆட்டமிழக்கவே இல்லை என்று சாதித்தாள்.

"சத்தியமா நான் வெளிய போவலக்கா!"

"திரும்பு பிள்ள."

டிராயரின் பின்புறம் நனைந்து மணல் அப்பியிருந்தது.

"அப்ப இது என்ன, கோயில் தீர்த்தமா?"

வரிசையில் இருந்தவர்கள் மணலில் உருண்டு சிரித்தார்கள். என் பலகையால் செய்ய முடியாத வேலையை அந்த மணல் செய்தது. அதைப் பார்த்த பிறகும் நான் செய்ததைக் கேளுங்கள்.

மென்பொருளில் 'ஆதாரம்' என்றொரு கட்டம் வைத்திருந்தேன். அச்சில் வந்த நூலோ பத்திரிகையோ காட்டாவிட்டால் சொல் உள்ளே போகாது. அகராதிக் குழுத் தலைவர் அந்த விதியைக் கேட்டார், நான் எழுதினேன். நாற்பத்தொன்றில் முப்பத்தாறு சொற்கள் 'கொச்சை, சான்றில்லை' என்று வெளியே விழுந்தன. 'சடுகுடு' என்ற சொல்லுக்கே 'காண்க: கபடி' என்று போட்டு, இரண்டாம் பொருளாக 'அலைக்கழித்தல்' என்று சேர்த்திருந்தார்கள். அதற்குப் பத்திரிகைச் சான்று இருந்ததாம்.

நான் அனுப்பிய மெய்ப்பில் அக்கா அதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "ஆபீசருங்க எங்கள அலைய விடுறதும் சடுகுடுன்னு புஸ்தகத்துல இருக்கு. நாங்க ஒக்கார்ற எடம் இல்ல. அப்படித்தான தம்பி?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

"விதிய எழுதுனது யாரு?"

வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். எங்கள் கடைசிப் பேச்சு அதுதான்.

அடக்கத்தன்று குழுவிலிருந்து இரங்கல் செய்தி வந்தது: 'மண்ணின் மொழி காத்த மங்கை.' அதே குழு அகராதிக்கு எழுதிய நன்றியுரைப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. 'மீனவ மகளிர் சிலர்' என்று இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் ஒருவர், சடுகுடுவில் செத்தவர் மறுபடி எழுந்து வருவார் என்று உருக்கமாகப் பேசினார். எனக்கு எரிந்தது. அக்கா எழுந்து வரமாட்டார். அவருடைய முப்பத்தாறு சொற்களை மட்டும்தான் நம்மால் எழுப்ப முடியும், அதை யாரும் பேசவில்லை.

அன்று மாலையே அந்த விதியை அழித்தேன். முப்பத்தாறையும் உள்ளே வைத்தேன். ஆதாரக் கட்டத்தில் 'ஸ்டெல்லா, புள்ளி எழுதுபவர், தங்கச்சிமடம்' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். குழுத் தலைவர் அழைத்தார்.

"தம்பி, காலமானவரிடம் எப்படிச் சரிபார்ப்பது?"

"இருந்தப்ப அவங்க சொன்னத நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. இந்தச் சொற்களோட அச்சுக்குப் போகும். இல்லைன்னா பக்கம் கட்ட வேற ஆளப் பாத்துக்கங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். யோசிக்கட்டும். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களும் அவரைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சிலேட்டு சகாயத்தின் கையில் இருந்தது. ஆட்டமிழந்த மூன்று பெண்கள் அலையோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நான்காவதாக உட்கார்ந்தேன்.

"அண்ணே, பேன்ட்டு நனையும்!"

"நனையட்டும்."

அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். ஆட்டம் முடியும்வரை அந்த வரிசையிலிருந்து என்னை யாரும் எழுப்பவில்லை, அதுவே நியாயம். நனைந்த பேன்ட்டோடு பைக்கை எடுத்துப் பாம்பன் பாலம் ஏறினேன்.

போய் வாருங்கள், அக்கா. விதியை எழுதியது நான்தான்.