ஐந்தரைக் கட்டை

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில், இராசமலர் அக்காவுக்கு முன்னால் பாட்டைப் பற்றி வாய்திறக்க ஒருவருக்கும் துணிவில்லை. முப்பது வருடமாகப் பிள்ளையார் கோயில் வெள்ளிக்கிழமைப் பசனையில் அவர்தான் முதற்குரல். பக்கத்தில் ஆர்மோனியத்தோடு கணவர் தருமகுலசிங்கம் இருப்பார். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர்.

பாட்டு முடிந்ததோ இல்லையோ, எல்லாருக்கும் முன்னால் அக்கா அவரைப் பிடித்துக்கொள்வார்.

"நடுப்பாட்டிலை ஏன் சுருதிக் கட்டையை மாத்திறியள்? கை நடுங்குதோ?"

"ஓம் மலர், கை வழுக்கிப் போச்சு."

நாங்கள் சிரிப்போம். பாவம், மனிசனுக்கு வயது போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.

போன வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். வருடம் முடிந்து வரும் ஆட்டைத் திவசத்தன்று அவருக்காக ஒரு பாட்டைப் பிசகில்லாமல் பாடவேண்டும். அக்காவுக்கு அது ஒன்றுதான் ஆசை. கனடாவில் இருக்கும் மகள் சாருஜா, அம்மாவின் போனில் ஒரு செயலியைப் போடுவித்தாள். பாடப் பாடவே அது சுருதியைக் காட்டும். சரியாக நின்றால் கோடு பச்சை, விலகினால் சிவப்பு.

பல்லவி பச்சையாகப் போனது. சரணத்தில் கோடு சிவந்து, கீழே கீழே இறங்கியது. எத்தனை தரம் பாடினாலும் அதே கதைதான்.

"உது பழுதடி பிள்ளை" என்று அக்கா கனடாவுக்கு அழைத்து மகளிடம் சீறினார்.

"அப்ப பழைய பசனைப் பதிவு ஒண்டைப் போட்டுப் பாருங்கோ அம்மா." சாருஜா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அக்கா போட்டுப் பார்த்தார். பாட்டுக்கிடையில் ஆர்மோனியம் தனியே ஒலித்த இடங்களில் செயலி அதன் கட்டையைக் காட்டியது. தொடக்கத்தில் ஐந்தரை. அக்காவின் குரல் சரிந்த பிறகு ஐந்து. கடைசிச் சரணத்துக்கு முன்னால் நாலரை. மற்றப் பதிவுகளிலும் அப்படித்தான். வழுக்கிய கை ஒவ்வொரு முறையும் அக்காவின் குரல் நின்ற இடத்திலேயே போய் நின்றிருந்தது. அதனால்தான் எங்கள் காதுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

அன்று அக்கா அடுப்பு மூட்டவில்லை. சாப்பாடு கொண்டுபோன என்னிடம், "எத்தினை பேருக்கு முன்னாலை அந்த மனிசனை ஏசினனான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

திவசத்தன்று ஆர்மோனியம் வாசிக்கச் சங்கீத ரீச்சர் பிரசாந்தி வந்திருந்தார். குறை சொல்ல முடியாத வாசிப்பு. சரணத்தில் அக்காவின் குரல் இறங்கியது. ஆர்மோனியம் ஐந்தரையிலேயே நின்றது. அக்கா எட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிரசாந்தி அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"அன்ரி, சுருதி இறங்குது. கொஞ்சம் ஏத்திப் பாடுங்கோ."

முப்பது வருடத்தில் அக்காவிடம் ஒருவரும் சொல்லாத சொல் அது. அவர் பாட்டை நிறுத்திவிட்டு, மாலை போட்ட படத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"எனக்கு இறங்கும் பிள்ளை" என்றார். "இவர்தான் கூட இறங்கி வருவார்."