மரியாம் நித்திரைகொள்ளும் காட்சி

பிள்ளைகளே, ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டீர்கள். பேந்து சொல்லுறன் என்றேன். இப்போது எழுதுகிறேன்.

ஒன்றரை மணிக்குப் பார்க் நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். ஐந்தாவது நிலையம் சென்-மிஷேல். பாதை அதோடு முடிகிறது. இருக்கை காலியாகக் கிடந்தும் இருக்க மனம் வரவில்லை. தோளில் நான் கலியாண வீடியோ வேலைக்குக் கொண்டுபோகும் புரொஜெக்டர். அதைக் கேட்டிருந்தவர் மூசா. புர்கினா பாசோ நாட்டவர், புவாண்ட்-கிளேர் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குபவர், தன் சனங்களை வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார்.

நிலையத்திலிருந்து பனிச்சேற்றில் கால்மணி நேர நடை. தேவாலயமொன்றின் கீழ்மண்டபத்தில், இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த திரை. நான் எங்கள் மண்டபங்களில் போலக் கதிரைகளை வரிசையாக அடுக்கினேன். மூசா எல்லாவற்றையும் பிறைபோலத் திருப்பினார். பார்க்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமாம்.

இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறார்கள். படத்தில் இருப்பவர்களே முதலில் பார்க்க வேண்டும். வேண்டாமென்றால் அந்தக் காட்சி போய்விடும். இந்தப் படம் முழுக்க வருபவர் மரியாம், அலுவலகங்கள் துடைக்கும் பெண்.

“அவ ஓமெண்டால்தான் படம், அண்ணை,” என்றார் மூசா. ‘அண்ணை’ நான் பழக்கியது. மற்றதெல்லாம் எங்கள் இருவரின் உடைந்த பிரெஞ்சு.

மூன்று மணிக்குப் படம் தொடங்கியது. விடிகாலை பஸ். மரியாம் வாய் திறந்தபடி நித்திரை. தலை கண்ணாடியில் இடிக்கிறது. காட்சி நீண்டுகொண்டே போனது. எனக்குக் கை துருதுருத்தது. நானென்றால் அப்போதே வெட்டியிருப்பேன்.

மூசா படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு இது இருக்கட்டுமோ என்று மரியாமைக் கேட்டார்.

“ஊரில பாத்தால் சிரிப்பினம். வெட்டச் சொல்லு,” என்று பிரெஞ்சிலேயே சொன்னார் மரியாமின் தங்கை.

மரியாம் எழும்பினார். “அந்த பஸ்ஸில மட்டும்தான் என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. அதை வெட்டினால் மிச்சத்தில நான் எங்க இருக்கிறன்?” பிறகு மூசாவிடம் திரும்பினார்: “வாய் கிடக்கட்டும். தொப்பி கோணலாக் கிடக்கெண்டு நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாம்.”

மண்டபமே சிரித்தது. மூசா விளக்கை அணைத்துப் படத்தை மறுபடி ஓடவிட்டார்.

திரும்பி வரும்போதும் நின்றுகொண்டே வந்தேன். எங்கள் வீடியோக்களில் எல்லோரும் சேலையைச் சரிசெய்துவிட்டுத்தான் சிரிக்கிறோம். பெரியவளே, நீ பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டு வீடியோவில் அம்மாவை ஏன் காணேல்லை என்று நீ ஒருமுறை கேட்டது ஞாபகம் வந்தது.

வீட்டில் ஒருவருமில்லை. நீங்கள் மாமா வீட்டில். அம்மா ஜான்-டலோன் சந்தையில் வேலை முடிந்து வரவில்லை. அந்த வீடியோவிலிருந்து நான் வெட்டிப்போட்ட துண்டுகளைக் கணினியில் தேடினேன். மண்டபத்துச் சமையலறையில், கவிழ்த்த வாளியொன்றில் அம்மா இருக்கிறா. மடியில் சாப்பாட்டுத் தட்டு, கண் மூடியிருக்கிறது.

அதை நானாகவே இன்னும் வீடியோவில் சேர்க்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவுக்கென்று இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து கணினிக்கு முன்னால் போட்டேன்.