தம்பித்துரை முறுக்கிய ஸ்குரூ

1984 ஜூலை 16, திங்கட்கிழமை காலை, சுவிற்சர்லாந்தின் ஆரா நகரில் துப்பாக்கி திருத்தும் கடை வைத்திருந்த கெல்லர் மூன்று கிழமை விடுமுறையில் கிளம்பினார். "துவக்குகளைத் துடைத்தால் போதும்" என்று வேலையாள் தம்பித்துரையிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தம்பித்துரைக்குக் கண்ணில் படுவதையெல்லாம் இறுக்கிவிடும் பழக்கம். அவர் மூடிய ஊறுகாய்ப் போத்தலை அறைத்தோழன் சண்முகலிங்கம் கதவிடுக்கில் கொடுத்துத்தான் திறப்பான். இப்போது, ஒரே ரவை போடும் வேட்டைத் துவக்கு ஒன்றைத் துடைத்த கையோடு, குழலைத் தாங்கும் முன்கட்டையின் ஸ்குரூவை முழுப்பலத்தோடு முறுக்கிவைத்தார்.

இடையில் அந்தத் துவக்கை வாங்கிப்போயிருந்த சொந்தக்காரர், கெல்லர் திரும்பிய அன்றே கோபத்தோடு வந்தார். முதல் வெடி சரியாம். இரண்டாவது மேலே, மூன்றாவது இன்னும் மேலேயாம்.

"பேசாமல் இருங்கோ அண்ணை. சொன்னா வேலை போயிடும்" என்றான் சண்முகலிங்கம், அன்றிரவு அறையில்.

"நான் முறுக்கினது. நானே சொல்லுறன்."

"எல்லாத்தையும் இறுக்குறியள், வாயை மட்டும் இறுக்கத் தெரியேல்லை."

மறுநாள் தம்பித்துரை கெல்லரிடம் சொல்லிவிட்டார். கெல்லர் ஸ்குரூவைத் தளர்த்தி, இடையில் மெல்லிய வாஷர் வைத்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதத் துண்டொன்றைத் தடையில்லாமல் இழுத்துக் காட்டினார். சுடச்சுடச் சூடேறும் குழலைக் கட்டை நெருக்கக் கூடாதாம். அடுத்த மூன்று வெடிகளும் ஒரு காசளவுக்குள் விழுந்தன. தம்பித்துரையின் வேலை தப்பியது. ஸ்குரூ டிரைவர் மட்டும் பறிபோனது.

ஐந்து வருடம் கழித்து, சூக் நகர உணவகமொன்றில் வேலை செய்த அவருக்குக் கெல்லரின் தபாலட்டை வந்தது: "கடையை மூடிவிட்டேன். வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, மூன்று பேர் பார்த்தும் நிற்கவில்லை. ஞாயிறு வா. ஸ்குரூ டிரைவரைத் திருப்பித் தருகிறேன்."