எங்கெல்பெர்ட்டின் ஆறாத காயம்

டொக், டொக், டொக். கையில் காப்பிக் கோப்பையோடு நிலவறைப் பலகைச் சுவரைத் தட்டிக்கொண்டே குனிகிறார் எங்கெல்பெர்ட். முகத்தில் தர்ப்பூசணி வாங்குகிறவரின் கவனம். சுவருக்கு அந்தப் பக்கம் பெல்லட் கிடங்கு. வீட்டைச் சூடாக்க எரிக்கும், மரத்தூளை அழுத்திச் செய்த பொடிக் குச்சிகள். இலையுதிர் காலத்தில் லாரிக்காரர் குழாய் வைத்து ஊதி நிரப்பிவிட்டுப் போனவை. காலி இடம் 'டொக்' என்னும், குச்சி கிடக்கும் இடம் 'தொப்' என்னும். டொக் எங்கே முடிந்து தொப் எங்கே தொடங்குகிறது என்பதுதான் இவருக்குக் காலைச் செய்தி.

மட்டம் இறங்கினால் ஊரில் எல்லோருக்கும் கவலை வரும். இவருக்கு மட்டும் மகிழ்ச்சி.

இத்தனைக்கும் முராவ் ஊரில் இவரைப் போல் கையிறுக்கமான ஆள் கிடையாது. பஸ் ஓட்டிய காலத்தில் பயணிகளுக்குப் பல் கிட்டினால்தான் ஹீட்டர் போடுவார். மனைவி நோட்பூர்கா குளிர்கிறது என்றால், "ஸ்வெட்டரை எதுக்குப் பின்னி வச்சிருக்க?" என்பார். அப்பேர்ப்பட்டவர் இந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டைக் கொதிக்கவிட்டு ஜன்னலையும் திறந்து வைத்தார். ஆப்பிள் மரம் பூத்த பிறகும் புகைபோக்கி ஓயவில்லை.

பக்கத்து வீட்டுக் கோர்பினியன் வேலியோரம் நின்று கேட்டார்: "என்னப்பா, தெருவுக்கும் சேத்துச் சூடு போடுறியா?"

"காத்தோட்டம் உடம்புக்கு நல்லது."

"போன வருசம் உன் வீட்டுல தொப்பியோட உக்காந்து சாப்பிட்டேனே, அப்ப எனக்கு உடம்பு இல்லையா?"

விஷயம் இதுதான். நிரப்பிய அன்று குவியலைச் சமப்படுத்துகிறேன் என்று கதவு வழியே கையை விட்டுத் துழாவினார். கல்யாண மோதிரம் கழன்று டன் கணக்கான குச்சிக்குள் போய்விட்டது. விழுந்தது, குச்சிகளைக் கொதிகலனுக்கு இழுக்கும் திருகு எட்டாத மூலை. அது ஒன்றே ஆறுதல். அப்படியும் தினம் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிடுவார். கிடங்கு காலியானால்தான் தேட முடியும். அதற்குள் நோட்பூர்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

அதனால் விரலில் பிளாஸ்திரி. "ரொட்டி நறுக்குறப்ப கத்தி பட்டுடுச்சு" என்று அக்டோபரில் சொன்னது. மே மாதமாகியும் காயம் ஆறவில்லை. நோட்பூர்கா ஒரே ஒருமுறை, "டாக்டர்கிட்ட காட்டேன்" என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கையில்லாச் சட்டையோடு, காலை நீட்டிக்கொண்டு சீட்டாடினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எங்கெல்பெர்ட் பிளாஸ்திரியை இன்னும் இறுக்கி ஒட்டிக்கொண்டார்.

இன்று டொக் தரைவரை வந்துவிட்டது. மூலைகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம். கொதிகலனை அணைத்து, நச்சுக்காற்று போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்து, பிறகு மண்டியிட்டார். பின்னால் படியில் செருப்புச் சத்தம். நோட்பூர்கா வந்து நின்றார், கையில் மாவு சலிக்கும் சல்லடை.

"கொஞ்சம் தள்ளு" என்று பக்கத்திலேயே மண்டியிட்டார். "குளிர்காலம் நல்லாத்தான் போச்சு. நானா கேட்டுக் கெடுத்துக்குவேனா?" சல்லடையைத் தட்டித் துடைத்துக்கொண்டார். "சரி, காயம் எந்த மூலையில விழுந்துச்சு?"

எங்கெல்பெர்ட் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டார். அந்த விரலாலேயே மூலையைக் காட்டினார்.