பூவரசின் பூர்விகம்

தாவரவியல் படித்து அரசு வேலையில் சேர்ந்த முதல் வாரமே தாசில்தார் கூப்பிட்டு அனுப்பினார். கோடியக்கரைக்கு மேற்கே, கடலோரப் புறம்போக்கில் இருபது குடும்பங்கள். கூலித் தகராறில் பண்ணை நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, அங்கே குடிசை போட்டவர்கள். சுற்றிலும் பூவரச மரங்கள்.

"மரம் இந்த மண்ணோடதுன்னா அது காடு, இவங்க காலி பண்ணணும். வெளியிலேர்ந்து வந்ததுன்னா இவங்க வச்சது, பட்டா கொடுத்துடலாம். ஒரே வரியில எழுதிக் கொடும்மா" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில், நிலமற்றோருக்கு நிலம் என்ற அரசுச் சுவரொட்டி.

மரத்தின் பூர்விகத்தை விசாரிக்க ஆள் உண்டு. பத்து மைலுக்குள் பிறந்த இந்த மனிதர்கள் மட்டும் கோப்பில் ஏற்கெனவே 'வெளியாட்கள்'.

நான் போவதற்கு முன்பே செய்தி குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ராசாத்தி என்ற நடுவயதுப் பெண் முந்திக்கொண்டார்.

"இது நம்மூரு பூவரசு இல்ல மேடம். என் மாமனாரு பர்மாவுலேர்ந்து கொண்டாந்தாரு."

"சிலோன்னுதானே பேசி வச்சோம்?" என்றார் அவர் கணவர்.

"கப்பல் அந்த வழியாத்தான் வந்துச்சு. நீ சும்மா இரு."

இலையையும் காயையும் பார்த்தேன். சந்தேகமே இல்லை, நம் கரையின் மரம். விதை கடலில் மிதந்து தானாகக் கரையேறி முளைக்கும். அதை மட்டும் எழுதினால் இருபது குடிசையும் போய்விடும்.

பிறகு மரங்கள் நின்ற விதத்தைப் பார்த்தேன். ஒன்று: குடிசைகளை ஒட்டி நேர்வரிசை. இரண்டு: ஏறக்குறைய ஒரே பருமன். மூன்று: காற்றில் சாய்ந்து கிடந்த ஒன்றில் ஆணிவேர் இல்லை, நடுத்தண்டு உள்ளே வெற்றுப் பொள்ளல். விதையில் முளைத்ததல்ல, கிளையை வெட்டி ஊன்றிய போத்து துளிர்த்தது.

"வேலிக்குப் போத்து நட்டீங்களாக்கா?"

"ஆமா, ஆடு உள்ள பூந்துடுதேன்னு நட்டோம். இதெல்லாம் ஒரு சாட்சியா, யாரு கேக்கப் போறான்னுதான் பர்மாவச் சொன்னோம்."

அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன். 'பூவரசு இக்கரையின் இயல்தாவரம். இங்குள்ள பூவரச மரங்கள் குடியிருப்போர் வேலிக்காக நட்டவை.' மறுநாள் அலுவலகத்தில் தட்டச்சாகியிருந்தது: 'இயற்கைக் காடு. காலி செய்யப் பரிந்துரை.'

"சார், ரெண்டாவது வரி?"

"மொத வரியிலயே விஷயம் வந்துடுச்சேம்மா."

அறிக்கையைத் திரும்ப வாங்கி, இரண்டாவது வரியை மேலே எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"இப்பத்தான் தெளிவா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். பட்டா வந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: கண்டது முழுவதையும் எழுதுங்கள். எந்த வரி விட்டுப்போனால் ஒருவருக்கு வீடு போகுமோ, அதை முதலில் எழுதுங்கள். இரண்டாவது வரியைப் படிக்கும் அதிகாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.