அத்தான் நடித்த நாற்பது நொடி

குறும்படத்தில் பதற்றத்தைக் கொண்டுவருவது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் அடுப்பிலிருந்து குக்கரை இறக்கி வையுங்கள் என்பேன். மற்றதெல்லாம் பிறகு.

நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் ஆசிரியை. நாற்பத்தேழு வயதில் எந்த நேரத்தில் புத்தி கெட்டதோ, ஜங்ஷனில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் குறும்பட வகுப்பில் சேர்ந்தேன். பார்க்கிறவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்களோ அதைக் கொடுக்காமல் இழுத்தடியுங்கள் என்றார் வகுப்பு எடுத்தவர். தூரத்தில் தொடங்கி முகத்துக்குக் கிட்டே போங்கள். இசை வேண்டாம், கடிகாரச் சத்தம் போதும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் மாணவிகளில் ஒருத்தியாவது அப்படி எழுதியிருப்பாளா என்று தெரியவில்லை.

கதையும் கிடைத்தது. மன்னிப்புக் கேட்க ஒருவன் பழைய நண்பன் வீட்டுக்கு வருகிறான். நண்பன் நாற்காலியில் இருக்கிறான். ‘வா’ என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆகாதவன் வந்தாலும் ‘வாங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவோம். அந்தச் சொல் வராத வீட்டுக்குள் மானமுள்ளவன் காலை வைக்கமாட்டான். நாற்பது நொடி அந்தச் சொல் வராது. வந்தவன் திரும்பிப் போவான். அவ்வளவுதான் படம்.

வந்தவனாக நடிக்க என் கணவரை இழுத்துப் போட்டேன். வீடு, சேரன்மகாதேவியில் அவருடைய அண்ணன் வீடு. அங்கேதான் சிக்கல். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஐந்து வருஷம். அண்ணன், தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டார். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஊருக்கெல்லாம் அனுப்பினதைத் தம்பிக்கும் அனுப்பினால் போதுமா என்பது இவர் நியாயம். சொந்தச் சித்தப்பனே வரவில்லையே என்பது அவர் நியாயம். நானும் அண்ணன் மனைவியும் மட்டும் பேசிக்கொள்வோம். அவளை அக்கா என்றும் அவரை அத்தான் என்றும் கூப்பிடுவேன். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டார்களா என்று நாங்கள் வேண்டாத சாமி கிடையாது.

“இவிய காலையில வயலுக்குப் போயிருவாவ. நீ வந்து எடுத்துக்கோ” என்று அத்தானைப் பற்றி அக்கா சொன்னதை நம்பித்தான் இவர் வரவே சம்மதித்தார். போனால், அத்தான் வயலுக்கே போகவில்லை. முன்கூடத்துப் பட்டாசலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நண்பனாக நடிக்கவேண்டிய எங்கள் பள்ளிக் கணக்கு சாருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் இருந்தார். “மறந்தே போச்சு டீச்சர்” என்றார், வாயில் சோற்றோடு.

“இவிய சும்மாத்தான இருக்காவ. இவியளயே உக்கார வச்சு எடேன்” என்றாள் அக்கா.

வாசலுக்கு வெளியே நின்ற என் கணவர் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்: “அப்பிடின்னா நான் வாசப்படியை மிதிக்க மாட்டேன்.”

“உங்கள யாரு மிதிக்கச் சொன்னா? படத்துலயும் வெளிய நிக்கது மட்டுந்தான்.”

அத்தான் பேப்பரை மடித்தார். “நான் என்ன பேசணும்?”

“ஒண்ணும் பேசக் கூடாது அத்தான். அவரப் பாத்துக்கிட்டே இருந்தாப் போதும்.”

“அதுக்கென்ன, அஞ்சு வருசமாப் பழகினதுதான” என்றார்.

முதல் தடவை மின்விசிறி கிறீச்சிட்டது. நிறுத்தினேன். எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. இரண்டாம் தடவை சரியாக முப்பதாவது நொடியில் குக்கர் விசில். “பருப்பு வேக வேண்டாமா?” என்று அக்கா என்னையே கேட்டாள். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டு அம்மா வந்து, “எய்யா, இங்கன எதுக்கு நிக்கீய? உள்ள போங்க” என்று இவர் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். இந்த ஊரில் ஒரு மனுஷனை நாற்பது நொடி வாசலில் நிறுத்தி வைக்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

நான்காம் தடவை, படம் எடுத்த போனை அத்தான் முகத்துக்கு வெகு நெருக்கத்தில் வைத்தேன். திரையில் அவர் முகம் மட்டும்தான். கடிகாரம் சீராக அடித்தது. விசிறி இல்லை, விசில் இல்லை. அவர் தாடை அசைந்தது, கண் லேசாகக் கலங்கியது. என்ன நடிப்பு என்று நான் பூரித்துப்போனேன். முப்பத்தைந்தாவது நொடி.

“ஏலே, வெயில்ல நிக்காத. உள்ள வா” என்றார் அத்தான்.

“கட்!” என்று கத்தினேன். “வசனமே கிடையாதுன்னு எத்தன தடவ சொல்லியாச்சு அத்தான்!”

அவர் முகம் சுண்டிப்போனது. “தெரியாமச் சொல்லிட்டேன்மா” என்றார். அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

ஐந்தாம் தடவை அத்தான் அசையவில்லை. நாற்பது நொடியும் கல்லாக இருந்தார். இவர் திரும்பி நடந்தார். நான் கைதட்டினேன்.

வீட்டில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டும்போதுதான் நான்காம் தடவை எடுத்ததை முழுதாகக் கேட்டேன். அத்தான் கூப்பிடுகிறார், அதன்மேல் என் கத்தல். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சாமிகளிடமெல்லாம் கேட்டு வாங்கியதை ஒரு சொல்லில் விரட்டியிருக்கிறேன். வெட்கத்தில் இவரிடம் வாயைத் திறக்கவில்லை.

வகுப்பில் படம் ஓடியபோது ஒருவரும் இருமக்கூட இல்லை. “இந்த மௌனத்தை எப்படிம்மா வாங்கினீங்க?” என்று கேட்டார் வகுப்பு எடுத்தவர். நான் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பைக்கில் பின்னால் இருந்துகொண்டு இவரிடம் கேட்டேன்: “அன்னைக்கு அத்தான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?”

ஆற்றுப் பாலம் முடிந்ததும் இவர் பைக்கை ஓரங்கட்டினார்.

“கேட்டுச்சு. ஒரு கால உள்ள வச்சிட்டேன். நீ சத்தம் போட்டதும் எடுத்துட்டேன்.”