அத்தான் கட்டிய வடக்குச் சுவர்

எங்கள் அத்தான் ஞானசம்பந்தன் தன் வீட்டுக்குள் கொத்தனார், தச்சர் என்று ஒருத்தரையும் வேலைக்கு விட்டதில்லை. திருநெல்வேலி டவுனில் தபாலாபீஸ் உத்தியோகம். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய், நாள் முழுக்கக் கடிதங்களுக்கு முத்திரை குத்திவிட்டுத் திரும்பி வந்து சட்டையைக் கழற்றினால் மனுஷன் வேறு ஆள். தலையில் துண்டு, காதில் பென்சில், கையில் ரம்பம். என் அக்கா கோமுவைக் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் எதையாவது இடிக்காத, ஒட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

செய்ததெல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். குளியலறைக் கதவை உள்பக்கம் திறக்கும்படி மாட்டி முடித்த பிறகுதான் உள்ளே தண்ணீர்த் தொட்டி இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆறு மாதம் அக்கா ஒருக்களித்தபடிதான் குளிக்கப் போனாள். அடுப்படியில் அவர் போட்ட பரண் ஒரு பக்கம் சாய்ந்து, வைத்த பாத்திரமெல்லாம் ஒரே மூலையில் வந்து கூடும். நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். போகும்போதெல்லாம், "அத்தான், இந்த வீட்ட பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா உடனே பெட்ல போட்டுருவாக" என்பேன். அவர் கோபப்பட்டதே இல்லை. செய்ததை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "நானே செஞ்சது ராஜி" என்பார். அந்த முகத்தைப் பார்த்தால் மேற்கொண்டு கேலி செய்ய மனசு வராது.

தொண்ணூற்றிரண்டு நவம்பர் வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. அத்தான் வீட்டுப் பின்னறையின் வடக்குச் சுவர் பழைய மண்சுவர். ஊறிப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்ப, அத்தான் செங்கலுக்குச் சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம், ஞாயிறு ஞாயிறாக, அவரும் அக்காவுமாக அந்தச் சுவரைக் கட்டினார்கள். அக்கா மணல் சலித்தாள், கலவை குழைத்தாள், செங்கல்லை நனைத்து எடுத்துக் கொடுத்தாள். வரிசை நேராக வர நூல் பிடிக்க வேண்டுமே, அந்த நூலின் மறுமுனை எப்போதும் அவள் கையில்தான். ஒரு தடவை நாலு வரிசை ஏறின பிறகு தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இங்கன வயிறு தள்ளுது, பிரிங்க" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அவள் சொன்னது சரி. பிரித்தார்கள். இரண்டு பேரும் தலைமுடியெல்லாம் சிமெண்டாக உட்கார்ந்து ஒரே தட்டில் பழையது சாப்பிட்டதை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் பல்பு மாட்டக்கூட ஆள் தேடுகிறவர்.

அவர் செய்ததிலேயே நூறு சதவீதம் நேராக வந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். நான் கேலி செய்ய ஒன்றும் கிடைக்காமல் திரும்பினேன்.

தொண்ணூற்றைந்து ஆனி மாதம், ஒரு மத்தியானம், நெஞ்சு கரிக்கிறது என்று அந்தப் பின்னறையில் போய்ப் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. கார் பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்துநாலு வயது. ஒரே மகள் சித்ரலேகாவை வள்ளியூரில் கட்டிக்கொடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் வந்து விழுந்து அழுததை எழுத எனக்குத் தெம்பில்லை.

அத்தானின் பெரியப்பா ஐயம்பெருமாள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அவிட்ட நட்சத்திரம். எங்கள் பக்கத்தில் அதை அடைப்பு என்பார்கள். அந்த நட்சத்திரத்தில் செத்தவர்களை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. போன வழி தெரிந்து திரும்பி வந்து, வீட்டில் இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று பயம். அதனால் சுவரை இடித்து, அந்த வழியாக வெளியே கொண்டுபோய், சுடுகாட்டிலிருந்து திரும்பின கையோடு அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும். உயிர் போன அறையைப் பூட்டி ஆறு மாதம் விளக்கேற்ற வேண்டும். வந்தால் வழி தெரியாமல் திகைத்துத் திரும்பிப் போகட்டும் என்று கணக்கு.

பின்னறைக்கு வெளிச்சுவர் என்று இருந்தது வடக்குச் சுவர் ஒன்றுதான்.

"ஏலே ஞானம், நீ இரி. ஆள் வருது" என்றார் பெரியப்பா. அத்தான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இந்த வீட்ல வேற ஆள் கை வைக்கப்பிடாது பெரியப்பா" என்றார். இரண்டு மணி நேரம் ஆனது. சுவர் அசைந்து கொடுக்கவில்லை. அத்தனை பலமாகக் கட்டியிருந்தார்கள், பாவிகள், இரண்டு பேரும் சேர்ந்து. அக்காவைக் குளிப்பாட்டிப் பட்டுடுத்திப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு செங்கல் பெயர்ந்து வரும்போதும் அதை உடைக்காமல் எடுத்து ஓரமாக அடுக்கினார். ஒரு ஆள் குனிந்து போகிற அளவு வழி வந்தபோது அவர் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு ஓட்டையை அடைக்க உட்கார்ந்தார். முழங்கால் உயரம் வைத்தார். எழுந்து நின்று பார்த்தார். "கலவை சரியில்ல" என்று கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். அன்றைக்கு ஒரு சாக்கை மாட்டினார்கள். அந்தச் சாக்கு ஏழெட்டு மாதம் தொங்கியது.

ஞாயிறு ஒரு வரிசை வைப்பார். திங்கள் காலையில் அந்த வரிசை இருக்காது. கோமு வந்து தள்ளிவிடுகிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. எதிர்வீட்டு இசக்கியம்மா தன் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடுவதில்லை. ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் நான் என் கண்ணால் பார்த்தேன். அத்தான்தான், முதல் நாள் வைத்த கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தான் இப்படிச் செய்யுதிய?"

"கோணிப் போச்சு ராஜி" என்றார். பிறகு, "நூல் பிடிக்க ஆளில்ல" என்றார்.

நான் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

தை மாதம் வள்ளியூரில் சித்ராவுக்கு வளைகாப்பு. பேறுகாலத்துக்குப் பிள்ளையை எங்களோடு அனுப்ப வேண்டிய நேரத்தில் அவள் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்ல மனுஷிதான், பயந்த மனுஷி. "தப்பா நினைக்காதீங்க. அந்த வழிய இன்னும் அடைக்கலைன்னு சொல்லுதாக. அடைக்காத வீட்டுக்கு வயித்துப் பிள்ளைக்காரிய எப்படி அனுப்புவேன்? அடைச்ச சேதி வரட்டும், அன்னைக்கே அனுப்புதேன்" என்றாள். சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மா இல்லன்னாலும் எனக்கு அம்மா வீடு வேணும்" என்று அழுதாள்.

சீவலப்பேரிக்குப் போய் அத்தானிடம் உடைத்துச் சொன்னேன். சுவரா, மகளா என்றே கேட்டேன். "ரெண்டு வாரம் குடு" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், சாக்கு இருந்த இடத்தில் ஒரு கதவு. நிலை வைத்து, கீல் அடித்து, எண்ணெய் பூசி, இழைத்த இழைப்பில் கை வழுக்கியது. ஒரு இம்மி இடைவெளி இல்லை. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கதவு செய்ததில்லை.

"அடைக்கச் சொன்னா வாசலே வச்சிருக்கியளே அத்தான்!"

"கதவும் அடைப்புதான ராஜி? சாத்தினா சுவர் மாதிரி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தேன். தாழ்ப்பாளைத் தேடினேன். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். புதுப் பித்தளைத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"எந்தக் கிறுக்கனாவது தாழ்ப்பாள வெளிய வைப்பானா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "உள்ள வச்சா உங்க அக்கா எப்படித் திறப்பா?" என்றார்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அக்காவுக்காக அழுதேனா, அவருக்காக அழுதேனா தெரியாது. மறுநாள் வள்ளியூர் பஸ் ஏறிப் போய், அந்த நல்ல மனுஷி முகத்தைப் பார்த்து, "அடைச்சாச்சு" என்றேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான். பெண்டாட்டி போன வீட்டுக்கு மகளும் வராமல் போனால் அந்த மனுஷன் இருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

பொய் சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. வந்தால் இன்னொரு உயிரைக் கூட்டிப் போகும் என்பார்களே, நான் பணயம் வைத்தது எங்கள் சித்ராவையும் வயிற்றுப் பிள்ளையையும் அல்லவா? லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். தினமும் காலையில் வெளியே சுற்றிப் போய் அந்தத் தாழ்ப்பாளை என் கையால் இறுக்கிப் போட்டுவிட்டு வருவேன். அத்தான் வேண்டாம் என்று சொன்னதில்லை. சித்ரா கதவைப் பார்த்தாள். கட்டிலைக் கதவை மறைக்காமல் போடச் சொன்னாள்.

பங்குனியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "கோமுவே வந்து பிறந்துட்டா" என்றார்கள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. அத்தான் பேத்தியைக் கையில் வாங்கி, நெற்றியை முகர்ந்துவிட்டு, "பிள்ள வேற. அவ இன்னும் வரல" என்றார்.

பதினோராம் நாள், வீட்டுக்கு வந்த பிறகு, விளக்கு வைக்கிற நேரம். குழந்தை தொட்டிலில் தூங்கியது. சித்ரா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அத்தான் தரையில் உட்கார்ந்து தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வடக்குக் கதவுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது நாங்கள்தான், வேறு யாரும் இல்லை.

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது. பைய, பித்தளை பித்தளையில் உரசி, கடைசியில் டக்கென்று முட்டி நின்றது.

நான் பாய்ந்து போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். கேட்டாயா என்று சித்ராவைப் பார்த்தேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீராகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் எழுந்திருக்கவில்லை. வெளியே போய்விட்டு வருகிறவர்களைப் பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் எப்படிச் சொல்வோமோ அதே குரலில், "கோமு, கால கழுவிட்டு வா. பிள்ள தூங்குது" என்றார்.

அக்கா கெட்டது செய்ய வந்திருக்க மாட்டாள் என்று அந்தக் குரலில் எனக்குப் புரிந்தது. பேத்தியைப் பார்க்காமல் அவள் எப்படி இருப்பாள்? குழந்தையைச் சித்ரா மடியில் கொடுத்தேன். அடுப்படிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்தேன். காலையில் நானே தாழ் போட்ட கதவைத் தள்ளினேன். திறந்தது. வெளியே யாரும் இல்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வந்து உட்கார்ந்தேன்.